கலைக்காத தியானம்

— கையை எடும்மா. தொடாதே. கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கேன்ல?

— அத்தை, தியானக் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் எழுந்து போயாச்சு. நாம போற பஸ் வர நேரம்.

— வரட்டும், போகட்டும். தியானம் பாதியில நிக்குது, கேட்டியா.

— தியானத்துல யாராவது பல்லைக் கடிப்பாங்களா?

— மெதுவா பேசு. வெளிய யாரு இருக்கா?

— தியானம் சொல்லித் தர்ற டீச்சர் இருக்காங்க. நாலஞ்சு பேர் செருப்பு தேடிட்டு நிக்கறாங்க. ‘உன் மாமியார் ஆழமா இறங்கிட்டா மேல வர நேரமாகும், கலைச்சிடாதே’ன்னு டீச்சர் சொன்னாங்க. பெருமையா வேற சொன்னாங்க.

— ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் சொல்றா, பாவம்.

— ஒவ்வொரு வாரமும் இப்படியா உக்காந்திருப்பீங்க?

— எழுந்திரிக்க முடியலம்மா.

— என்னது?

— இடுப்பு பூட்டிக்குது. எல்லாரும் போனப்புறம் அந்தத் தூணைப் பிடிச்சு ஊர்ந்து ஊர்ந்து எழுந்துப்பேன். இன்னிக்கு தூண் பக்கத்துல வேற யாரோ உக்காந்துட்டா.

— அப்போ வலி போயிடுச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னது?

— அன்னிக்கு நிஜமாவே இல்லம்மா. ஒரு சாயங்காலம் பூரா இல்ல. வலி இருக்கறவங்க பின்னாடி நாற்காலியில, வலி விட்டவங்க முன்னாடி பாயில. இங்க அதுதானே வழக்கம். நான் எழுந்து என் நாற்காலியை மடக்கிச் சுவரோரமா வெச்சேன். கை தட்டினாங்க பாரு... என் கல்யாணத்துல கூட யாரும் என்னை அப்படிப் பாத்ததில்ல. விடிஞ்சதும் வலி திரும்பி வந்துடுச்சு. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு மறுபடி போய் பின்னாடி உக்கார்றது?

— வீட்டுலயாவது சொல்லியிருக்கலாமே.

— வீட்டுல நீ இருக்கியே. உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?

— சரி, வாங்க. என் கழுத்தைக் கட்டிக்குங்க, தூக்கறேன்.

— வேண்டாம். நீ குனியாதே.

— ஏன்?

— உனக்குத்தான் இடுப்பு வலியாச்சே.

— எனக்கா? அதெல்லாம் மனசுல இருக்கற வலின்னு நீங்கதானே சொன்னீங்க அத்தை. நாள் பூரா சலவைக் கடையில நின்னு இஸ்திரி போட்டுட்டு வந்து, ஸ்டூல்ல உக்காந்து காய் நறுக்கினேன். அந்த ஸ்டூலைத் தூக்கி மாடியில போட்டீங்க. ‘உக்காந்து உக்காந்துதான் வலியை வளக்கறே, என்னைப் பாரு, கேட்டியா’ன்னு.

— நல்லா ஞாபகம் வெச்சிருக்கே.

— நின்னுட்டே ஞாபகம் வெச்சிருக்கேன்.

— திட்டு. நல்லா திட்டிடு.

— திட்டல. பரவால்ல. உங்க ரூம்லேருந்து முனகல் கேக்கும். அம்மா பிரார்த்தனை பண்றாங்கன்னு உங்க பிள்ளை சொல்வார். நானும் நம்பினேன். அவங்களுக்கு முடியுது, எனக்கு ஏன் முடியல, என் பக்திதான் மட்டமான பக்தி போலன்னு குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதிருக்கேன்.

— ஐயோ, என்னம்மா இது...

— ஒண்ணு கேக்கவா? இந்தத் தியானத்துல எதுவுமே இல்லையா? எல்லாம் சும்மாவா?

— சும்மா இல்ல. கண்ணை மூடி மூச்சைப் பாத்துட்டே இருந்தா, வலி கொஞ்சம் ஓரமா நகந்து உக்காரும். சாமிகிட்ட பேசிட்டே அதையும் கூட வெச்சுக்கலாம். அவ்வளவுதான். அது பெரிய விஷயம்தான். அதோட நிறுத்தியிருந்தா போதும். போயே போச்சுன்னு சொன்னேன் பாரு, அப்புறம் நீ வலிக்குதுன்னு சொல்றப்பல்லாம் எனக்கு உன் மேல கோவம் வந்தது. நான் மறைச்ச வலியை நீ எடுத்துச் சொல்ற மாதிரி இருந்தது.

— சரி, விடுங்க. டீச்சர் வரதுக்குள்ள எழுந்துடலாம். பிடிச்சுக்குங்க. ஒண்ணு, ரெண்டு... ஆ!

— விடு! விடு என்னை! உனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சா?

— கொஞ்சம்... இருங்க, மூச்சு விட்டுக்கறேன். பரவால்ல. இன்னொரு தடவை பாக்கலாம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அத்தை, சத்தியமா.

— எனக்காகப் பொய் சொல்லி, எனக்காக இடுப்பையும் ஒடிச்சுக்கப் போறியா?

— அவங்க பாத்தா உங்களுக்கு அவமானமாயிடுமே.

— ஆயாச்சும்மா. இங்க, உன் முன்னாடியே ஆயாச்சு.

— எதுக்கு வாசப் பக்கம் திரும்பறீங்க? அத்தை, வேண்டாம்...

— டீச்சர்! உள்ள வாங்க! தனியா வராதீங்க, வாசல்ல நிக்கற எல்லாரையும் கூட்டிட்டு வாங்க!