மச்சினன் இல்லாத டிரம்ஸ்

எனக்குச் சத்தம் பிடிக்காது. கிட்டார் வாசிப்பவன் இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

பின்னறையில் நான் கிட்டார் வாசித்துப் பதிவு செய்வேன். ஞாயிறுதோறும் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வந்து டிரம்ஸ் வாசிப்பான். தங்கமான பையன். ஒரே குறை, தாளத்தில் என்னை விட்டுவிட்டு ஓடுவான். பதிவைக் கேட்டால் அவன் முன்னால், நான் பின்னால். சொன்னால், "சரி மாமா, பார்த்துக்கறேன்" என்பான். கோபப்படக்கூடத் தெரியாதவனோடு எத்தனை காலம் மல்லுக்கட்டுவது?

அதனால் கணினியில் டிரம்ஸ் மென்பொருள் ஒன்றை ஏற்றினேன். தாளம் பிசகாது, டீ கேட்காது. ஆனால் அதன் ஓசை தகரத்தைத் தட்டினாற்போல இருந்தது. மச்சினனின் ஓசையில் உயிர் இருக்கும். அதை நான் என்றும் மறுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக் சோதனை என்று சொல்லி, ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாக அடிக்கச் சொன்னேன். மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி. பாவம், கை சிவக்க அடித்தான். "மைக் நல்லா வேலை செய்யுதா மாமா?" என்று அக்கறையாகக் கேட்டான். நன்றாகவே செய்தது. அத்தனை அடியையும் வெட்டி மென்பொருளுக்குள் அடுக்கிக்கொண்டேன். இனி அது அவன் ஓசையிலேயே வாசிக்கும்.

பிறகு அவன் எதற்கு?

கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் புகார் சொல்கிறார் என்றேன். அவருக்குக் காது மந்தம், அழைப்பு மணியே கேட்காது. மச்சினன் அன்றே டிரம்ஸைக் கழற்றிக் கொண்டுபோனான். அடுத்தவர்களுக்கு இத்தனை நாள் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று அதன்பின் குச்சியையே தொடவில்லையாம். மேசையில் விரலால் தாளம் போடுவதைக்கூட விட்டுவிட்டான் என்று மனைவி சொன்னாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பதிவு அருமையாக வந்துகொண்டிருந்தது.

முதல் பாட்டை அவனுக்கே போட்டுக் காட்டினேன். கண் கலங்கிவிட்டான்.

"மாமா, இது நானா?"

"நீதான்."

"இதை எப்ப வாசிச்சேன்?"

"அன்னிக்குத்தான். மறந்துட்டியா?"

"நல்லாத்தான் வாசிச்சிருக்கேன், இல்ல? விட்டிருக்க வேண்டாமோ?"

கீழ்வீட்டுக்காரரை நினைத்துக்கொள் என்று தேற்றி அனுப்பினேன். அவ்வளவு கல்நெஞ்சன் இல்லை நான்.

நேற்று மனைவி அதே பாட்டைக் கேட்டாள்.

"டிரம்ஸ் கோடு போட்ட மாதிரி நேரா போகுது. உங்க கிட்டார்தான் பின்னாடி நொண்டிக்கிட்டு வருது. என் தம்பி இங்க வந்தவரைக்கும் உங்களுக்காக நின்னு நின்னு வாசிச்சான். அப்பவும் உங்களால எட்டிப் பிடிக்க முடியல."

உடன்பிறந்தவனை விட்டுக்கொடுப்பாளா? ராத்திரி முழுக்க யோசித்ததில் கோளாறு எங்கே என்று பிடிபட்டது. அடிகள் அவனுடையவை அல்லவா? அவனுடைய அவசரமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கணக்காளர் டிரம்ஸ் வாசிப்பாராம். பரம சாது. இந்த ஞாயிற்றுக்கிழமை மைக் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.