சுத்தமான படத்தை நம்பாத டாக்டர் நீலாவதி

அவைத் தலைவர் அவர்களே, தொழிற்சங்கச் செயலாளர் சிவசாமி அவர்களே, கோலா தெர்லாவிலிருந்து லோரி ஏறி பிரிஞ்சாங் மண்டபத்து இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே! நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் காளியண்ணன். டாக்டர் நீலாவதி அம்மையாரிடம் அதிகமாக ஏச்சு வாங்கியவன் என்ற தகுதியில் பேசுகிறேன்.

என்ன கேள்வியெல்லாம் கேட்பார்! தேயிலை ஆலையில் இருமுகிறவன் ஞாயிற்றுக்கிழமை ஏன் இருமவில்லை? பதில் கிடைக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார், என்னையும் விடமாட்டார்.

போன வருஷம், எண்பத்தேழில், நம் தோட்டத்து முனியாண்டி இருமினார், இளைத்தார். எக்ஸ்ரே லோரி வந்தது. படம் சுத்தம்! நம் லயத்து வரிசை வீடுகளின் வழக்கம் நமக்குத் தெரியாதா? காசநோய் என்றால் வேலையும் வீடும் போய்விடும் என்று பயந்து, பக்கத்து வீட்டுக்காரனை நம் பெயரில் நிற்க வைப்போமே! அம்மையாருக்கும் அதே சந்தேகம்.

"யாருப்பா நின்னது?"

"நாந்தான் டாக்டரம்மா. சத்தியமா நாந்தான் லா!"

அவரே கூட்டிப்போய், பக்கத்தில் நின்று மறுபடி எடுத்தார். மறுபடியும் சுத்தம்!

"ஆளு நெசம், இருமல் நெசம், படமும் நெசம். அப்புறம் எப்பிடி காளியண்ணன்?" என்றார். கண்ணில் அப்படியொரு ஆர்வம்.

சளியைச் சோதித்தார், காசநோய். ரத்தத்தைச் சோதித்தார், எச்.ஐ.வி. நோயோடு உடம்பு போடும் சண்டைதான் பெரும்பாலும் படத்தில் நிழலாக விழுமாம். சண்டை போடும் தெம்பையே எச்.ஐ.வி. கிருமி தின்றுவிட்டால் நிழல் எங்கிருந்து விழும்?

தோட்ட மேனேஜர் துரை, முனியாண்டியை வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அம்மையார் பங்களாவுக்கே போய்ச் சண்டை பிடித்தார். முனியாண்டி குடும்பம் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறது. முனியாண்டியே சொல்லச் சொன்னதால்தான் இதைச் சபையில் சொல்கிறேன்.

ஊராரின் நுரையீரலையே கவனித்தவரை அவர் இதயம் கைவிட்டுவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை, தோழர்களே!

படம் சுத்தமென்று இனி எவரையும் திருப்பி அனுப்ப மாட்டேன். இது என் உறுதி. உங்கள் உறுதி என்ன? முனியாண்டி இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். காசநோய் மாத்திரையை முழுதாக முடித்தவர். வாசலில் இத்தனை பேர் நிற்கிறீர்கள், அவருக்கு இரு பக்கமும் நாற்காலி காலி! கூட உட்கார்ந்தால் எச்.ஐ.வி. ஒட்டாது என்று சொல்லிச் சொல்லித்தானே அம்மையாரின் தொண்டை வறண்டது?

நான் இறங்கிப் போய் ஒன்றில் உட்காருகிறேன். இன்னொன்றுக்கு யார் வருகிறீர்கள்?