லில்லி மேல கவிழ்த்த அண்டா

நான் பாட்டுக்குப் பிரசங்கம் பண்ணிக்கிட்டே போனா பின் வரிசை தூங்கிடும். இந்தாங்க, நடுவுல ஒரு குட்டிக் கதை கேளுங்க.

கோத்தகிரியில சகாயம், அற்புதமேரின்னு ஒரு தம்பதி. வீட்டுக்குப் பின்னால கையகலத் தோட்டம். ஒரு பக்கம் பீன்ஸ், ஒரு பக்கம் முட்டி உயரத்துக்கு லில்லி. அவங்க கோயில்ல ஒரு வழக்கம்... உயிர்ப்பு ஞாயிறு, அதான் ஈஸ்டர் அன்னிக்கு, பீடத்துக்குக் கடைப்பூ ஆகாது. வருஷத்துக்கு ஒரு வீடு, சொந்தத் தோட்டத்துப் பூ தரணும். அந்த வருஷம் முதல் தடவையா இவங்க முறை. "நான் தர்றேன் சாமி"ன்னு பங்கு ஃபாதர்கிட்ட எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா அற்புதமேரி!

மாசி, பங்குனியில மலையை நம்ப முடியுமா? ராத்திரி உறைபனி, பகல்ல சுள்ளுன்னு வெயில். சாயங்காலம் பிளாஸ்டிக் ஷீட்டால செடிகளைப் போர்த்துவா. காலையில எடுப்பா. தினமும்! ஒருநாள் விடிகாலையிலேயே அவ சந்தைக்குப் போயிருந்தா. சகாயம் என்ன நெனச்சாரு? "எப்படியும் சாயங்காலம் போர்த்தத்தானே போறோம், இப்ப எதுக்கு எடுக்கணும்?" காலை நீட்டிப் படுத்துட்டாரு. பீன்ஸ் பக்கம் நல்ல வெயில்... அத்தனையும் உள்ளேயே வெந்து போச்சு. அற்புதமேரி வந்து பார்த்து அழுதா. அழுதுக்கிட்டே அந்தப் பாத்தியைக் கொத்தி மறுபடி விதை போட்டா. நிழல்ல இருந்த லில்லி மட்டும் பொழைச்சுது.

ஈஸ்டருக்கு மூணு நாள் முன்னால, பெரிய வியாழன் மத்தியானம்... ஆலங்கட்டி மழை! அவசரமா இழுத்துப் போர்த்தின ஷீட்டெல்லாம் கிழிஞ்சு பறக்குது.

"போச்சு அற்புதம்... விடு! கடையில வாங்கிக்கலாம்."

"கோயில்ல வாக்குக் குடுத்திருக்கேங்க!"

ஓடினா. அண்டா, தண்ணி டிரம்மு, கோழிக்கூடை, குப்பைக்கூடையக்கூட விடல. ஒவ்வொரு செடி மேலயும் கவிழ்த்தா. டங்... டங்... டணார்!

"ஐயோ, இன்னும் ஒண்ணு இருக்குங்க! வீட்டுல எதுவுமே இல்லியே!"

சகாயம் பார்த்தாரு. விறுவிறுன்னு போனாரு, முட்டி போட்டாரு, அந்தச் செடி மேல அப்படியே குனிஞ்சுட்டாரு. முதுகுல படபடன்னு கல்லு.

"என்னங்க... தலையை மூடுங்க!"

"நீ உள்ள போ! இன்னிக்கு நான் போர்த்துறேன்!"

ஞாயித்துக்கிழமை பீடம் பூரா லில்லி. சகாயத்தால மட்டும் பெஞ்சுல சாய முடியல.

பிரியமானவர்களே, வானம் நம்ம கையில இல்ல. போர்த்துறதும் திறக்கிறதும்தான் நம்ம வேலை. "பிள்ளைக்காக எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன் ஃபாதர், இனி என்கிட்ட ஒண்ணும் இல்ல"ன்னு வந்து நிக்கிறீங்களே... அண்டா தீர்ந்துச்சா? சரி, தீரட்டும்.

முதுகு இருக்குல்ல?