முப்பத்தொரு கிலோ

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் பஞ்சு நடுவில் அமுங்கிப்போயிருக்கிறது. அதனால்தான் வலது பக்கமாகச் சாய்ந்து எழுதுகிறீர்கள். இப்படியே விட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அரை மணி நேர வேலைதான். தவறாக நினைக்காதீர்கள், இருபத்தாறு வருடமாகக் கார் சீட் தைக்கிறேன், எங்கே போனாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது.

நான் சொல்ல வந்தது என் அக்காவைப் பற்றி. அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. விபத்துக் கோப்பு உங்கள் ஸ்டேஷனிலேயே இருக்கும். முன் சீட்டில் இருந்த பெண் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியவர் மேல் குற்றமில்லை. பார்த்ததைத்தான் அவர் எழுதினார். அப்படிப் பார்க்கும்படி வைத்தது நான்.

அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவள்தான். படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் தையல் கடையில் கொண்டுபோய் விட்டதும் அவள்தான். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற குணம் அவளுக்கு. கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள், அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்ப்பாள். அதற்காக வீட்டில் எல்லோரும் அவளைக் கிண்டல் செய்வோம்.

அத்தான் லிஃப்ட் பொருத்தும் கம்பெனி நடத்துகிறவர். எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்துநான்கு கிலோ என்று லிஃப்டுக்குள் பலகை இருக்குமே, அந்தக் கணக்கிலேயே வாழ்கிறவர். வீட்டுக்கு நாலு பேர் விருந்தாளியாக வந்தால், "இருநூத்தி எழுபத்திரண்டு கிலோ வந்திருக்கு, டீ போடு" என்பார். எல்லோரும் சிரிப்போம். கெட்டவர் இல்லை. என்னைப் பஞ்சு என்று கூப்பிடுவார். "டேய் பஞ்சு, அந்தப் பையை எடுத்து வண்டியில வை." அதிலும் வன்மம் கிடையாது. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

ஐம்பது வயதில் அவர் அந்தக் காரை வாங்கினார். கறுப்பு, நீளம், கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காது. சீட்டே முதுகைப் பிடித்துவிடும். எடை இரண்டு டன்னுக்கு மேல். ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன பழைய விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த மாதிரிக் கார் வைத்திருக்கிறவர்கள் அங்கே கூடுவார்கள். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி என்று பார்ப்பார்கள். அத்தானுக்கு ஐந்து புள்ளி நான்கு. கண்ணாடிக் கடைக்காரர் ஒருவருக்கு நான்கு புள்ளி எட்டு. அந்த அரை வினாடிச் சொச்சம் அத்தானைச் சாப்பிடவிடவில்லை.

ஒருநாள் என் கடைக்கு வந்தார். அதுவரை வந்ததே இல்லை. முக்காலியில் உட்கார்ந்து, "கார் கம்பெனிக்காரன் இன்ஜின்ல கை வைக்கக் கூடாதுங்கிறான். எடையைக் குறைச்சா என்னடா?" என்றார்.

நியாயமான யோசனை. அதே இன்ஜின் குறைவான பாரத்தை இழுத்தால் வேகமாகத்தானே போகும்? இதை நான் இன்றைக்கும் தவறென்று சொல்லமாட்டேன்.

மூன்று மாதம் வேலை நடந்தது. பின் சீட்டைக் கழற்றினோம். உதிரிச் சக்கரம், ஜாக்கி, தரைவிரிப்பு, அதற்கு அடியில் சத்தத்தை அடக்கும் தார்த் தகடுகள். அந்தத் தகடுகள் மட்டுமே நாற்பது கிலோ வந்தன என்றால் நம்பமாட்டீர்கள். ஒவ்வொன்றையும் மூட்டை நிறுக்கும் தராசில் வைப்போம், அத்தான் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். ஒலிபெருக்கிகளை எடுத்த அன்று சின்னப் பையன் மாதிரி கைதட்டினார். எனக்கும் பிடித்திருந்தது. அவர் என்னோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது அந்த மூன்று மாதத்தில்தான். ஓடுதளத்தில் என் தோளில் கைபோட்டு, "இவன்தான் என் இன்ஜினியர்" என்று எல்லோரிடமும் சொன்னார். கண்ணாடிக் கடைக்காரர் எனக்குக் கைகொடுத்தார்.

இன்னும் கொஞ்சம் குறைய வேண்டியிருந்தது. மீதி இருந்தது முன் சீட்டுகள். ஓட்டுகிறவர் சீட்டைத் தொட வேண்டாம் என்று அத்தான் சொல்லிவிட்டார். பக்கத்துச் சீட் முப்பத்தெட்டு கிலோ. மோட்டார், சூடாக்கும் கம்பி, இடித்தால் விரிகிற காற்றுப்பை, இரும்புச் சட்டம், எல்லாம் சேர்த்து. எடுத்துவிடலாம் என்றேன்.

"சீட்டே இல்லைனா உங்கக்கா வீட்டை ரெண்டாக்கிடுவா. பார்க்க அப்படியே இருக்கணும். உள்ளே ஒண்ணும் இருக்கக் கூடாது. முடியுமா?"

முடியும். அது என் வேலையேதான். மெல்லிய அலுமினியத் தகட்டில் கூடு அடித்து, இலேசான பஞ்சு வைத்து, பழைய தோலையே மேலே போர்த்தித் தைத்தேன். ஏழு கிலோ. முப்பத்தொரு கிலோ குறைந்தது. சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டில் இருந்த காற்றுப்பையை எடுத்து, மூடியை மட்டும் திரும்ப ஒட்டினேன். கையால் தடவினாலும் வித்தியாசம் தெரியாது. பெல்ட்டில்தான் ஒரு சிக்கல். பெல்ட்டின் நாக்கு போய் மாட்டுகிற லாக் இருக்கிறதல்லவா, அதைச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். என் தகட்டில் போல்ட் நிற்காது, பிய்த்துக்கொண்டு வரும். அதனால் லாக்கைச் சீட்டின் தோலோடு சேர்த்துத் தைத்தேன். இரட்டைத் தையல்.

அத்தானிடம் சொன்னேன். மறைக்கவில்லை. "பெல்ட் சும்மா பார்வைக்குத்தான் அத்தான்" என்றேன்.

"அவ எங்கடா இதுல ஏறப்போறா? இந்தக் காரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது" என்றார்.

அது உண்மை. அக்காவுக்கு அந்தக் கார் பிடிக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு புள்ளி ஏழு வந்தது.

அடுத்த வாரம் அக்காவின் ஸ்கூட்டி பழுதாகிவிட்டது. சந்தைக்குப் போக வேண்டும். அத்தான் காரைக் கிளப்பினார், நான் வாசலில் நின்றிருந்தேன். அக்கா ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள், டக்கென்று சத்தம் வந்தது. அவள் வழக்கப்படி ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். தோல் கொஞ்சம் மேலே எழும்பியதை அவள் கவனித்திருக்க வேண்டும். கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இது ஒரு மாதிரியா இருக்கே. பிடிக்குமாடா?"

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்கும்க்கா" என்றேன்.

பொய் சொன்னேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். லாக் பிடித்துத்தானே இருந்தது. அவள் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். நீ சொன்னால் சரி என்று சிரித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அதன்பிறகு அவளுக்கு அந்தக் காரின் மேல் இருந்த பயம் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போய்வந்தாள். ஐந்து மாதம். ஒவ்வொரு முறையும் பெல்ட் போட்டாள். வண்டி வாசலில் நிற்கும்போதே போட்டுக்கொள்வாள். நடுவில் ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, "நீ தைச்ச சீட்டுடா, தூக்கமே வருது" என்றாள். சொல்லியிருக்கலாம். அன்று ஒரு பேருந்தின் சீட் வேலை மொத்தமாக வந்திருந்தது, கை ஓயவில்லை.

விபத்து பெரிய விபத்தே இல்லை. கண் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். பகல் பதினொரு மணி. தண்ணீர் லாரி ஒன்று சந்திலிருந்து வெளியே வந்தது, அத்தான் பிரேக் அடித்தார், இடித்தது. நாற்பதில்தான் போயிருப்பார். லாரிக்காரர் ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "இதுக்கெல்லாம் யாரும் சாக மாட்டாங்களே." அத்தானுக்கு மார்பில் பெல்ட் அழுத்திய கோடு மட்டும் சிவந்திருந்தது.

உங்கள் ஆள் வந்து விசாரித்தபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மா பெல்ட் போட்டிருந்தாங்களா என்று கேட்டார். அத்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஞாபகம் இல்லீங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் மதியம், உங்கள் ஆட்கள் காரைச் சோதிப்பதற்கு முன்னால், அதை நிறுத்தியிருந்த உங்கள் வளாகத்துக்குப் போனேன். அக்காவின் கைப்பையும் செருப்பும் உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றேன். காவலுக்கு இருந்தவர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நேரம் எடுத்துக்குங்க என்று சொல்லித் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே பெல்ட் மாட்டியபடியே கிடந்தது. நாக்கின் நுனியில் லாக், லாக்கோடு கையகலத் தோல். பொத்தானை அழுத்திப் பிரித்தேன். பெல்ட் தானாக உள்ளே போகவில்லை, கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி அனுப்பினேன். கிழிந்த தோலைத் தையலோடு வெட்டி எடுத்துவிட்டு, அதே நிறத்தில் கொண்டுபோயிருந்த துண்டை வைத்து, வளைந்த ஊசியால் லாக்கைப் பழைய இடத்திலேயே தைத்தேன். கால் மணி நேரம் ஆனது. வெளியே வரும்போது செருப்பை மறந்துவிட்டேன், காவலர்தான் ஓடிவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் தன்பாட்டுக்கு நடந்தது. பெல்ட் போடவில்லையாம் என்றார்கள். எல்லாவற்றையும் ரெண்டு தடவை பார்ப்பாளே, அன்றைக்கு ஏன் இப்படி என்றார்கள். நானும் தலையாட்டினேன். அத்தான் அந்தக் காரை எடைக்குப் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசியது கிடையாது. பார்த்தால் நலம் விசாரிப்போம்.

அக்காவுக்கு ஒரே மகள். கல்லூரியில் படிக்கிறாள். பெல்ட் போடச் சொல்லிப் பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசுகிற ஒரு குழுவில் சேர்ந்துவிட்டாள். போன மாதம் கடைக்கு வந்து, "மாமா, பிள்ளைங்களுக்குக் காட்ட ஒரு சீட் வேணும், நிஜ பெல்ட்டோட. நீங்க செஞ்சு தருவீங்களா?" என்றாள். செய்து கொடுத்தேன். கனமான இரும்புச் சட்டம், நான்கு போல்ட். யானையை உட்கார வைத்தாலும் தாங்கும்.

இன்று காலை அந்தச் சீட்டைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி வைக்கப் போனவன், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகப் பேசுகிறாள். அம்மாவின் குரல் அப்படியே. ஒரு சிறுமி எழுந்து, "உங்க அம்மா ஏன் போடல?" என்று கேட்டாள்.

"தெரியலடா கண்ணு. அவங்களுக்குச் சோம்பலா இருந்திருக்கும். ஒரு நிமிஷம் என்னைப் பத்தி நினைச்சிருந்தா போட்டிருப்பாங்க" என்றாள்.

பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டினார்கள். டக், டக் என்று சத்தம். நான் எழுந்து நேராக இங்கே வந்துவிட்டேன். அழுகை ஒன்றும் வரவில்லை. வழியில் ஒரு டீ குடித்தேன்.

அவள் நாளைக்கு இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அதற்குள் யாராவது அவளைக் கூப்பிட்டு, அம்மா போட்டிருந்தாள் என்று சொல்லிவிடுங்கள். எல்லாம் தெரிந்துதான் தைத்தேன், தெரிந்துதான் பிடிக்கும் என்றேன், அக்காவைக் கொன்ற பிறகு பழியையும் அவள் மேலேயே தைத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அன்று காரிலிருந்து வெட்டி எடுத்த தோல், கடையில் நூல் வைக்கிற தகரப் பெட்டியில் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். பார்த்தால் உங்களுக்கே விளங்கும். கிழிந்திருப்பது தோல்தான். என் தையல் ஓர் இழைகூடப் பிரியவில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.