பிடியரியும் ஒரு கிழங்கும்

1. பாறசாலையில் வெள்ளறடை பஸ்ஸில் ஏறினேன்.
2. முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள் இருந்தார்கள்.
3. ஜன்னலோரம் இருந்தவர், "தர்மம் படிப்பிக்கப் போயி ஒரு பிள்ளைய இல்லாம ஆக்கிட்டேன் டீச்சரே" என்றார்.

"எந்தப் பிள்ளை?"

"என் கிளாஸ் சரோஜம். அநாதப் பிள்ளைகளுக்க மடத்துக்குப் பிடியரி எடுத்தோமில்லியா? சோறு வைக்கும்போ ஒரு பிடி அரிசி தனியா மாத்தி வச்சு, வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாக்குல இடணும். அவ மரச்சீனிக் கிழங்கு கொண்டு வந்தா. 'ஏட்டி, இது பிடியரியா, பிடிக்கிழங்கா?'ன்னு கேட்டுப் போட்டேன். கிளாஸே சிரிச்சுது."

"கல்ஃப் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிரிக்கச் சொல்லியா குடுக்கணும்!"

"அவ வீட்டுல அரிசி வேகுறது ஓணத்துக்கு மட்டுமாக்கும். நிலத்துக்க சொந்தக்காரன் ஜென்மிகிட்ட இருந்து பதிஞ்சு கிடைச்ச பத்து சென்டு பூமி. அதுல நட்ட மரச்சீனியில நல்ல மூடா பார்த்துப் பிடுங்கிக் கொண்டு வந்திருக்கா. எனக்குத் தெரியல்ல. மறுநாள் தொட்டு வரல்ல."

"மடத்துல சாக்கைக் குடுத்தியளா?"

"குடுத்தோம். சிஸ்டர் கேட்டாவ, 'கொஞ்சம் கிழங்கு உண்டா டீச்சரே? பிள்ளைகள் அதைத்தான் கேக்குது'ன்னு."



குன்னத்துகாலில் ஜன்னலோரம் இருந்த டீச்சர் மட்டும் இறங்கினார். பஸ் புறப்பட்டபோது டீக்கடையில் சரோஜம் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்.