முப்பது பேருக்கு ஒரே மெயில்

பிரௌசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருந்த காலம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரத்தில் இருந்தவன் திடீரென்று சொன்னான்.

"என்னால ரெண்டு புரொபசருங்க ஒண்ணு சேந்துட்டாங்க மச்சான்."

"இன்னாடா சொல்ற? நீ பிஎச்டிக்கு உதவித்தொகை கேட்டுதானே மெயில் போட்ட?"

"ஆமா. வெளிநாட்டுல நண்டு ஆராய்ச்சி பண்ற முப்பது பேருக்கு. ஒலகத்துலயே உங்க ஒருத்தர்கிட்ட மட்டுந்தான் படிப்பேன்னு உருக்கமா எழுதனேன்."

"நல்லாத்தானே கீது?"

"தனித்தனியா அனுப்புனா பிரௌசிங் சென்டர்ல காசு ஏறுமேன்னு, முப்பது அட்ரஸையும் ஒரே மெயில்ல போட்டுட்டேன். எல்லார் பேரும் எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி."

நண்பன் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"சிரி, சிரி. அதுல ஒருத்தர், 'இவன நீயே வச்சிக்கோ'ன்னு இன்னொருத்தருக்கு எழுதிகீறாரு. அவரு, 'பாத்து எத்தினி வருஷமாச்சி, நல்லாகீறியா'ன்னு கேட்டாரு. இப்ப ரெண்டு பேரும் சேந்து புதுசா ஒரு ஆராய்ச்சி பண்ணப் போறாங்களாம். எல்லாம் எனக்கும் வர்ற மாதிரி என் மெயிலுக்குக் கீழயே பேசிக்கினு கீறாங்க. என்னை ஒரு வார்த்த கேக்கல. வூட்ல வேற, மெயில் போடறத இந்த மாசத்தோட நிறுத்திட்டு வேலைக்குப் போன்னு சொல்றாங்க."

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. அவன் எழுந்தான்.

"இங்க எங்கடா எறங்கற?"

"பிரௌசிங் சென்டருக்கு. அந்த ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு மெயில் போடணும்."

"இன்னான்னு?"

"நண்டு புடிக்க ஆள் வேணுமான்னு."