வெறும் நாற்காலி சொல்லும் நன்றி

வெள்ளத்தில் வீரமே! விபத்தில் விவேகமே! அலறும் வயர்லெஸ்ஸின் எதிரே அசராத அன்பே! முப்பதாண்டு மீட்புப் பணியை முடித்து விடைபெறும் எங்கள் கேப்டனம்மா அவர்களே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

அரங்கம் அதிர்கிறது அம்மா! பின்வரிசைப் படகோட்டிகள் விசில் அடிக்கிறார்கள். இன்று ஒரு நாள் மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் வருவதற்கு முன்பு, மயங்கி விழுந்தால்தான் ஒருவர் களைத்துவிட்டார் என்று இங்கே ஒப்புக்கொள்வார்கள். எங்களை இருவர் இருவராக நீங்களே இணைத்தீர்கள். தினமும் மாலையில் எங்களை வரிசையாக நிறுத்தும்போது "நீ எப்படி இருக்க?" என்று யாரையும் கேட்கவில்லை. "உன் இணை எப்படி இருக்கு?" என்றே கேட்டீர்கள். 'நன்றாக இல்லை' என்று பதில் வந்தால் அந்த ஆள் அன்றே ஓய்வுக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

அதிலும் நாங்கள் சந்து கண்டுபிடித்தோம்! பெருவெள்ளத்தில், ஒரு கூரையிலிருந்து இறக்கிய பெண்ணின் கை, எங்கள் லாரி ஓட்டுநரின் பிடியிலிருந்து நழுவியது; அவளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. எதற்கும் அசையாதவர் என்று நாங்கள் 'பாறை' எனப் பெயர் வைத்த மனிதர் அவர். அன்றிலிருந்து அவர் தூங்கவில்லை. அது அவருடைய இணையான செவிலியருக்குத் தெரியும். ஊசி பிடிக்கும் செவிலியரின் கை நடுங்குவது பாறைக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்பினால் மனம் உடைந்துபோவாரே என்று ஒருவருக்காக ஒருவர் பொய் சொன்னார்கள்.

"சிஸ்டருக்கு என்னம்மா, சிங்கம் மாதிரி இருக்காங்க!"

"இந்த எருமைக்கு மட்டும் என்ன வந்துச்சு? நல்லாத்தான் இருக்கு!"

இரக்கமே செய்த பிழை அது. மறுநாள் பாலத்தின் நடுவே லாரி நின்றது. பின்னால் பிள்ளைகளும் பெரியவர்களுமாக நிறைந்த கூட்டம். சக்கரங்களைத் தொட்டு ஏறும் தண்ணீர். பாறையின் கைகள் ஸ்டியரிங்கோடு இறுகிவிட்டன. அவை தம்முடைய கைகளாகவே அவருக்குத் தோன்றவில்லை. தளர்த்தினால் இன்னொருவர் நழுவிவிடுவார் என்ற ஒரே பயம்தான் அவருக்கு. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, நீங்கள் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தீர்கள்.

"விட்டா போயிடுவாங்கம்மா."

"யாருடா?"

"எல்லாரும்."

"அப்ப விடாத. நானும் சேர்ந்து பிடிச்சுக்கறேன். ஒரே ஒரு விரலை மட்டும் எனக்குக் கொடு."

அப்படி விரல் விரலாக வாங்கினீர்கள்! அவரை நகர்த்திவிட்டு, லாரி ஓட்டியே பழகாத நீங்கள் கியரைப் போட்ட சத்தத்தில், அந்த நிலையிலும் பாறை பதறினார்: "கிளட்ச மிதிங்கம்மா, வண்டி செத்துடும்!" பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்போடு கரை சேர்ந்தது லாரி!

அவரை வேலையிலிருந்து நீக்கச் சொன்னது தலைமையகம். "வண்டி சூடானா ஓரங்கட்டி தண்ணி ஊத்துறோம் சார். ஓட்டுறவன் சூடானா மட்டும் பழைய இரும்புக் கடையா?" என்று கேட்டீர்கள். மேலதிகாரி இருமிக்கொண்டே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார். பாறையையும் செவிலியரையும் மனநல மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போனீர்கள். தேறி வந்தவர்களை மறுபடி இணையாகவே நிறுத்தினீர்கள். "இவங்களையா?" என்று நாங்கள் வாய் பிளந்தோம். "பொய் என்ன செய்யும்னு இவங்களுக்குத்தான் தெரியும்" என்றீர்கள்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி வெறுமையாக இருப்பதைக் கண்டு உங்கள் முகம் வாடுவது எங்களுக்குத் தெரிகிறது. அது பாறைக்குப் போட்ட நாற்காலி. நிலச்சரிவுப் பணியிலிருந்து திரும்பியவரைப் பற்றி, நீங்கள் இல்லாத நேற்றைய மாலை வரிசையில் செவிலியர் முன்வந்து சொன்னார்: "இவரு நல்லா இல்ல. சாப்பாட்டுத் தட்டையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. அனுப்பிடுங்க."

"நாளைக்கு அம்மாவோட விழா சிஸ்டர்! ஒரே ஒரு பொய் சொல்லக் கூடாதா?" என்று பாறை கெஞ்சினார்.

"மாட்டேன், போய்யா வீட்டுக்கு!"

முறைத்தார், முனகினார், போய்விட்டார். அவர் குறட்டை தெருமுனை வரை கேட்கிறதென்று சற்று முன் அவர் மனைவி போன் செய்தார். அம்மா, உங்களுக்கு நாங்கள் சூட்டும் மாலைகளிலெல்லாம் பெரிய மாலை அந்த வெறும் நாற்காலிதான்!

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டும் நிறைவாக வாழுங்கள்! எந்த மணி அடித்தாலும் எழுந்து ஓட வேண்டாத விடியல்கள் உங்களுக்கு வாய்க்கட்டும்!

என்றும் உங்கள் அன்பில்,
மீட்புப் பிரிவின் ஓட்டுநர்கள், படகோட்டிகள், செவிலியர்கள், கிடங்குப் பணியாளர்கள்,
மற்றும் வீட்டில் தூங்கும் ஒருவர்.